அம்சம் பார்த்ததும் பார்க்காததும்

வடமாங்குறிச்சி அம்சத்துக்கு ஊரில் இரண்டு வேலை. நடவு நடக்கும்போது வயலில் முதல் அடி பாட்டெடுப்பது ஒன்று. தெருவில் எந்தப் பெண் செத்தாலும் போய்க் குளிப்பாட்டிச் சேலை மாற்றிவிடுவது இன்னொன்று. முதல் வேலையில் அவள் ஓர் அடி பாடினால் இருபது பேர் திருப்பிப் பாடுவார்கள். இரண்டாவது வேலையில் அவள் எவ்வளவு பேசினாலும் எதிராளி வாயே திறக்க மாட்டாள். வாய் நீளமான ஒருத்திக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அமையாது. சிங்காரவேலு டெய்லரிடம் வாயைக் கொடுக்கிற வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது.

மன்னார்குடியிலிருந்து தெற்கே வருகிற பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. அதை ஒட்டினாற்போல டெய்லர் கடை. சிங்காரவேலு சித்திரை வெயிலிலும் கறுப்புச் சட்டை போடுகிற ஆள். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். கடைச் சுவரில் 'கடவுள் இல்லை' என்று நீலம் கரைத்துப் பெரிதாக எழுதி வைத்திருந்தார். ஒரு ஐப்பசி மழையில் ஓட்டிலிருந்து தண்ணீர் ஒழுகி 'இல்லை' மட்டும் கரைந்து போய்விட்டது. இரண்டு வாரம் அவர் கவனிக்கவில்லை. கவனித்ததும் நேராக அம்சத்தைத்தான் பார்த்தார்.

"நான் தொடலைண்ணே," என்றாள் அம்சம். "உங்க சுவரு, உங்க ஓடு. மழை மட்டும் யாருதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் அந்தக் கடைக்குப் போவதற்கு ரவிக்கை தைப்பது ஒரு சாக்கு. அந்தக் கடைத்தெருவில் அவளை "வாங்கம்மா" என்று கூப்பிடுகிற ஒரே ஆம்பிளை அவர்தான். மற்றவர்களுக்கு அவள் "ஏ". அவள் அப்பாவுக்கு வயதான பிறகும் அவரை "டேய்" என்று கூப்பிட்ட தெரு அது. அங்கே ஒருவர் நாற்காலியை நகர்த்திப் போட்டு, உட்காரச் சொல்லி, "உங்க சாமி சுத்தப் பொய்ம்மா" என்று மரியாதையாகச் சொன்னால், அதற்கு மரியாதையாகப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

"நீங்க எதுக்குக் கிறிஸ்தவ வேதத்துக்குப் போனீங்க? பால்பவுடருக்குத்தானே?" என்பது அவருடைய முதல் கேள்வி.

"ஆமாண்ணே, பால்பவுடரு குடுத்தாங்க. நிறுத்தி எட்டு வருஷம் ஆச்சு. நான் இன்னும் நிறுத்தலை."

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். சிங்காரவேலு தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். அதில் ஒரு விஷயம் உண்டு. பதில் கிடைக்காதபோதெல்லாம் அவர் கால் தானாக மிதிக்கும், ஊசிக்குக் கீழே துணி இருக்காது. அம்சத்துக்கு இது தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

உண்மையில் அவள் வேதத்துக்கு வந்த கதை பால்பவுடரை விடச் சின்னது. புருஷன் ராசு பாம்பு கடித்துச் செத்த வருஷம், தெருக்கோடியில் ஓடு வேய்ந்த வேதக்கோயிலில் உபதேசியார் ஒரு கதை வாசித்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் மூன்று நான்கு பெண்கள் வாசனைத் தைலம் எடுத்துக்கொண்டு, ஒரு செத்த உடம்பைச் சுத்தம் செய்யப் போகிறார்கள். கல்லை யார் புரட்டித் தருவார்கள் என்று வழியெல்லாம் கவலை. போய்ப் பார்த்தால் உடம்பு இல்லை; அவர் எழுந்துவிட்டார் என்று திரும்பி வந்து சொல்கிறார்கள். வெளியே களை பறித்துக்கொண்டிருந்த அம்சம் களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டாள். ராஜா சொன்னதாக, சாமியார் சொன்னதாக இருந்தால் அவள் திரும்பியிருக்கவே மாட்டாள். பிணம் குளிப்பாட்டப் போனவர்கள் சொன்னது. அது அவளுடைய தொழில். அந்தத் தொழிலில் இருக்கிறவள் செத்தவளை உயிரோடு இருப்பதாகச் சொல்ல மாட்டாள். உயிரோடு இருப்பவளைச் செத்ததாகவும் சொல்ல மாட்டாள். கையில் எண்ணெயை வைத்துக்கொண்டு யாரும் கனவு காண்பதில்லை. இதுதான் அவள் ஞானஸ்நானம் வாங்கின காரணம். மார்த்தாள் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் கோயில் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது.

சிங்காரவேலு அடுத்தபடி சயின்ஸுக்குப் போனார்.

"செத்த உடம்பு மூணு நாள்ல என்ன ஆகும் தெரியுமா? ரத்தம் உறையும், உள்ள எல்லாம் அழுகும். இது சயின்ஸ்மா. எழுந்து வந்தாருன்னா எப்படி?"

"மூணு நாள் வேணாம்ணே, ஒரு நாள்ல என்ன ஆகும்னு என்னைக் கேளுங்க. செத்தவங்க எழுந்திரிக்க மாட்டாங்கன்னு அந்தக் காலத்து ஆளுங்களுக்கும் தெரியும். அதனாலதான் தைலம் எடுத்துக்கிட்டுப் போனாங்க. தினம் ஒருத்தரு எழுந்து வந்துக்கிட்டு இருந்தா, இதை யாரு வேலை மெனக்கெட்டு எழுதி வைப்பா?"

மெஷின் சும்மா ஓடியது.

அந்தக் கடைக்கு வாரம் ஒரு தடவை கூத்தாநல்லூரிலிருந்து நஃபீசா வருவாள். தலையில் துணி மூட்டை. வீடு வீடாக விற்றுவிட்டு, ரவிக்கைத் துணிகளைத் தைக்கக் கொடுக்க இங்கே உட்காருவாள். அவளும் ஒரு நாள் பேச்சில் சேர்ந்துகொண்டாள்.

"உங்க சாமிய நாங்க ஈசா நபிம்போம், எங்களுக்கும் பெரியவருதான் அம்சம். ஆனா அல்லா தன் நபிய அப்படி அவமானப்பட்டுச் சாக விட்டிருக்க மாட்டான். மேல தூக்கிக்கிட்டான். நீதான் அவரைச் சிலுவையில போட்டு வச்சிருக்க."

அம்சம் அவள் பக்கம் திரும்பினாள். "அவரு அடிபடக் கூடாதுன்னு நீங்க நெனக்கிறது நல்ல மனசுக்கா. ஆனா எங்க தெருவுல அடி வாங்கினவங்களை யாரும் மேல தூக்கிக்கலை. அடிபட்டு, முழுசாச் செத்து, அதுக்கப்புறம் எழுந்தவருதான் எனக்கு ஆகுறாரு."

"சரி, நீ உன்னுதைப் பிடிச்சுக்க, நான் என்னுதைப் பிடிச்சுக்கறேன். இப்ப இந்தத் துணியோட முனையைப் பிடி, அளக்கணும்."

இருவரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்தார்கள். சிங்காரவேலு இரண்டு பேரையும் பார்த்து, "ரெண்டு பேருமே தப்பு," என்று சொல்லிவிட்டு அளவு குறித்துக்கொண்டார்.

ஆனால் அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. அதை அவர் கத்தரிக்கோல் மாதிரி தனியாக வைத்திருந்தார். ஒரு நாள் எடுத்தார்.

"மொத மொத பாத்ததா சொன்னது யாரு? பொம்பளைங்க. அதுலயும் ஒத்துமை உண்டா? ஒரு புத்தகத்துல கல்லறையில ஒரு தூதன். இன்னொண்ணுல ரெண்டு. ஒருத்தரு சொல்றபடி போனவ ஒருத்தி, இன்னொருத்தரு கணக்குல மூணு பேரு. நாலு பொம்பளை பாத்தேன்னு நாலு விதமா சொன்னதை நம்பி ஒரு மதமா? கோர்ட்டுல நிக்குமா இது?"

மாதம் ஒரு முறை சைக்கிளில் வருகிற பாதிரி ஐயரிடம் அம்சம் இதைக் கேட்டாள். அவர் நல்லவர், அரை மணி நேரம் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதில் பாதி வாய்க்காலில் போய்விட்டது. மறுவாரம் டெய்லர் கடையில் நின்று, "தெரியலைண்ணே," என்றாள்.

சிங்காரவேலுவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜெயித்தவர் மாதிரி அவரால் சிரிக்க முடியவில்லை.

"ஆனா ஒண்ணு தெரியும்," என்றாள் அவள். "தலைவரு பிடிபட்டதும் கூட இருந்த ஆம்பிளைங்க ஓடிட்டாங்க. பெரிய சீடரே ஒரு வேலைக்காரப் பொண்ணுக்குப் பயந்து, அவரை எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டாரு. இதை அவங்க ஆளுங்களே எழுதி வச்சிருக்காங்க. பொய் கட்டறவன் சொந்த ஆளையா அசிங்கப்படுத்துவான்?"

மெஷின் ஓடியது. துணி இல்லை.

அது எழுபத்தொன்றாம் வருஷக் கடைசி. தை பிறந்ததும் பேச்சு நின்றுபோனது. சம்பா அறுப்புக் கூலியில் அரைப்படி கூடக் கேட்டு சங்கம் வேலை நிறுத்தியிருந்தது. பெரிய பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக் களத்தில் போர் போட்டது. ஒரு நாள் உச்சி வெயிலில் அந்தப் போர் தீப்பிடித்து எரிந்தது. மாலைக்குள் சங்கத்து ஆள் மருதையனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தீ வைத்துவிட்டு அவன் ஓடியதைக் கண்ணால் பார்த்ததாக, பண்ணை இறக்கிய வெளியூர் ஆட்கள் இரண்டு பேர் சொன்னார்கள்.

அம்சம் மறுநாள் காலையிலேயே டெய்லர் கடைக்குப் போய்விட்டாள்.

"அண்ணே, மருதையன் தீ வைக்கலை. அந்த நேரத்துக்கு அவரு பண்ணைக் குளத்துல இருந்தாரு. களத்துக்கும் குளத்துக்கும் அரை மைல். நான் கரையில பொன்னாங்கண்ணிக் கீரை பறிச்சுக்கிட்டு இருந்தேன்."

சிங்காரவேலு எழுந்தே விட்டார். "குளத்துல என்ன பண்ணான்?"

"விரால் பிடிச்சாரு."

"பண்ணைக் குளத்துலயா?"

"பண்ணைக் குளத்துலதான் விரால் இருக்கு."

அவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். வேலைநிறுத்தம் முடிகிற வரைக்கும் பண்ணையின் ஒரு துரும்பைக்கூடத் தொடுவதில்லை என்று தன் கொடிமரத்தடியில் சங்கம் சத்தியம் செய்திருந்தது. சத்தியத்தை முதலில் உரக்கச் சொன்னவன் மருதையன். அதனால்தான் அவனும் ஸ்டேஷனில் வாயைத் திறக்கவில்லை.

"சங்கத்துக்காரன் மீன் திருடன்னு பேப்பர்ல வரும்மா. இத்தனை வருஷம் கட்டினது போயிடும். வேணாம். அவன் கொடிமரத்தடியில கயிறு திரிச்சுக்கிட்டு இருந்தான். நீங்க மூணு பேரும் பக்கத்துல இருந்து பாத்தீங்க. நீங்க, அவன் பொண்டாட்டி காளியம்மா, அப்புறம் நடவுக்கு வர்ற நாகம்மா."

"நான் பாக்கலையே."

"ஒரு உசுரைக் காப்பாத்தறதுக்குச் சொல்றோம்."

"உசுரைக் காப்பாத்தத்தான் நானும் வந்தேன். குளத்துல பாத்தேன், குளம்னு சொல்றேன்."

அவர் அவளைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்கவில்லை. கோபத்தில் அன்றைக்கு முதல் தடவையாக "போ" என்றார், பின்னாலேயே "ங்க" சேர்த்துக்கொண்டார்.

வழக்கு இழுத்துக்கொண்டே போய் ஆடி பிறந்துவிட்டது. மருதையன் உள்ளேயே இருந்தான். சங்கத்துச் சாட்சிகளை விசாரிக்கிற தேதி வந்ததும் சிங்காரவேலு காளியம்மாளுக்கும் நாகம்மாளுக்கும் சாட்சி சொல்லிக் கொடுத்தார். அவர்களுக்கு எழுத்து தெரியாது. மனப்பாடம் செய்ய அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, குறுவை நடவு வயலில், நடவுப் பாட்டு மாதிரியே கற்றுக்கொண்டார்கள். காளியம்மாள் முதல் அடி எடுப்பாள்: "அன்னிக்கு மத்தியானம் மருதையன் கொடிமரத்தடியில..." நாகம்மாள் பின்னடி பிடிப்பாள்: "...உக்காந்து கயிறு திரிச்சாரு, நாங்க பாத்தோம்." நான்கு நாளில் அச்சுப் பிசகாமல் வந்துவிட்டது. நட்ட நாற்றுகளுக்கே பாடமாகியிருக்கும்.

அம்சம் பக்கத்து வரிசையில் வாயை மூடிக்கொண்டு நட்டாள். பாட்டெடுக்கிறவள் வாயை மூடினால் வயல் எழவு வீடு மாதிரி இருக்கும். காளியம்மாள் பொறுக்க முடியாமல் நிமிர்ந்தாள். அவள் வீட்டில் ஆறு மாதமாக அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது.

"மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன் நானு. எங்க ஆத்தா ஒண்ணும் என்னைக் கேள்வி கேக்கலை. உன் சாமிக்கு என் புருஷனைவிட உன் சுத்தம்தான் பெரிசா?"

அம்சம் சேற்றைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "சுத்தம் இல்லைடி. பாக்காததைப் பாத்தேன்னு ஒருக்கா சொல்லிட்டா, நான் நெசமாப் பாத்ததும் பொய்யாயிடும். அப்புறம் உன் புருஷனுக்குச் சொல்ல என்கிட்ட என்ன இருக்கும்?"

"பெரிய வக்கீலு," என்று காளியம்மாள் நாற்றை ஓங்கி ஊன்றினாள். அந்த நாற்று பிழைத்ததே பெரிசு.

அம்சம் எதையோ பார்த்திருக்கிறாள் என்கிற விஷயம் பண்ணைக்கும் எட்டியது. ஏஜெண்டு தங்கையன் குடையோடு அவள் குடிசை வாசலுக்கு வந்து நின்றார். பண்ணையின் கணக்கு வழக்கு, அடி உதை எல்லாவற்றுக்கும் அவர்தான்.

"ஏ அம்சம். சர்க்காரு குடியிருப்பு மனைக்குப் பட்டா குடுக்கப்போறாங்க. பண்ணை இடத்துல யாரு யாரு குடியிருக்காங்கன்னு நாங்க சொன்னாத்தான் தாசில்தார் எழுதுவாரு. நீ சாட்சி கீட்சின்னு தஞ்சாவூர்ப் பக்கம் போகமாட்டியே?"

"என்னைப் பட்டியல்ல சேக்கலைங்க."

"அது நல்லது. வீட்டுல இரு."

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். அந்தக் குடிசையில் ராசு கட்டின மூங்கில் சட்டம் இன்னும் கோணலாகவே இருந்தது. அதை நேராக்கச் சொல்லி அவனோடு மூன்று வருஷம் சண்டை போட்டிருக்கிறாள். அவன் போன பிறகு யார் வந்து நேராக்கித் தருகிறேன் என்றாலும் தொடவிடவில்லை. உள்ளே போய் முழங்காலில் நின்றாள். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. "நான் போறேன். வீட்டைப் பாத்துக்குங்க," என்று சொன்னது அவ்வளவுதான். விசாரணை அன்றைக்கு விடிகாலைப் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். மன்னார்குடியில் நஃபீசா ஏறினாள், தஞ்சாவூரில் மொத்தத் துணி எடுக்க.

"எங்க போற?"

"கோர்ட்டுக்கு."

"கூப்பிட்டாங்களா?"

"இல்லை."

"அப்ப நானும் வர்றேன். கூப்பிடாத இடத்துக்குத் தனியா போகக் கூடாது."

கோர்ட்டு வளாகத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. வயலில் பாடிப் பழகின தொண்டை, அடக்கிப் பேசத் தெரியாது. காளியம்மாள் சொன்னது மரத்தடி வரைக்கும் கேட்டது. "அன்னிக்கு மத்தியானம் மருதையன் கொடிமரத்தடியில..." ராகம் கூட இருந்தது. அம்சம் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து நாகம்மாளைக் கூப்பிட்டார்கள். உள்ளே நெடுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் சர்க்கார் வக்கீல் கேட்பது கேட்டது.

"ஏம்மா, பாத்ததைச் சொல்ல என்ன தயக்கம்?"

"மொத அடிய காளியம்மா எடுக்கணுங்க," என்றாள் நாகம்மாள்.

கோர்ட்டே சிரித்தது. டவாலி போட்ட சேவகர் சிரித்தார். நாகம்மாளும் என்னவென்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தாள். கூண்டில் நின்ற மருதையன் சிரிக்கவில்லை.

சிங்காரவேலு வெளியே வந்தார். முகம் வெளுத்து, கறுப்புச் சட்டை அதிகக் கறுப்பாகத் தெரிந்தது. கூடவே சங்கத்து வக்கீல். "ரெண்டு சாட்சியும் போச்சு. சொல்லிக் குடுத்ததுன்னு ஜட்ஜுக்குத் தெரிஞ்சுபோச்சு. வேற யாராவது இருக்காங்களாய்யா?" என்று வக்கீல் கேட்டார். சிங்காரவேலு மரத்தடியைப் பார்த்தார். அங்கே அம்சம் எழுந்து நின்று சேலையை உதறிக்கொண்டிருந்தாள்.

"பொம்பளை பாத்தேன்னு சொன்னா கோர்ட்டுல நிக்குமாண்ணே?" என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். "வாங்கம்மா," என்றார்.

அம்சம் சாட்சிக் கூண்டில் ஏறியதும் சத்தியம் வாங்கினார்கள். கடவுள் அறிய என்று சொன்னாள். சங்கத்து வக்கீல் கேட்டதற்கு, குளம், கீரை, விரால் எல்லாம் சொன்னாள். மருதையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அப்புறம் சர்க்கார் வக்கீல் எழுந்தார்.

"நீ கிறிஸ்தவச்சியா?"

"ஆமாங்க."

"செத்தவரு எழுந்து வந்தாருன்னு நம்புறவ?"

"ஆமாங்க."

"கண்ணால பாத்தியா?"

"இல்லைங்க. அதைப் பாத்தவங்க சொல்லிக் கேட்டது. இதை நான் பாத்தது. ரெண்டும் வேற வேறங்க, கலக்க மாட்டேன்."

ஜட்ஜ் பேனாவை எடுத்தார்.

"சரி, தீ வச்சது யாரு?"

"பாக்கலைங்க. களம் எனக்கு முதுகுப் பக்கம். புகை வாசனை வந்தப்புறம்தான் திரும்பினேன்."

"இதுக்கு முன்னாடி வந்தவங்க கொடிமரத்தடின்னாங்க. நீ குளங்கறே. யாரு சொல்றது பொய்?"

"அவங்க சொன்னது அவங்களுக்கு. நான் கொடிமரத்தடிக்குப் போகலைங்க. குளத்துலதான் அவரைப் பாத்தேன்."

"எத்தனை மீன்?"

"ரெண்டு. ஒண்ணு நழுவிடுச்சு. அதுக்கு அவரு ஒரு வார்த்தை சொன்னாரு, அதை இங்க சொல்ல முடியாதுங்க."

"அப்ப உங்க ஊரு ஆளு திருடன்தானே?"

"அன்னிக்கு மத்தியானம் திருடன்தாங்க. தீ வச்சவரு இல்லை."

"பண்ணைக் குளத்துல பட்டப்பகல்ல ஒருத்தன் இறங்கினா வேற யாரும் பாக்க மாட்டாங்களா?"

"ஏஜெண்டு அய்யா வந்தாருங்க. இவரு தண்ணிக்குள்ள முங்கிட்டாரு. ஆம்பல் இலைக்கு நடுவுல மூக்கு மட்டும் தெரிஞ்சுது. அய்யா கரையில நின்னு, யாருடா கலக்கினதுன்னு சத்தம் போட்டாரு. அப்பதான் புகை கிளம்பிச்சு. அவரு குடையைப் போட்டுட்டு ஓடினாரு. குடையை நான்தான் எடுத்து வேலியில மாட்டினேன்."

சங்கத்து வக்கீல் சட்டென்று காகிதக் கட்டைப் புரட்டினார். போன மாத விசாரணையில் தங்கையன் சொன்னதை எடுத்து ஜட்ஜிடம் நீட்டினார். அம்சம் அன்றைக்கு ஊரில் நடவு நட்டுக்கொண்டிருந்தாள். தங்கையன் என்ன சொன்னார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் காகிதத்தில் இருந்தது இதுதான்: மத்தியானம் குளம் கலங்கிக் கிடப்பதைப் பார்த்து கரையில் நின்றேன், அப்போது களத்தில் புகை தெரிந்தது, ஓடினேன். குடையைப் பற்றி அவர் சொல்லவில்லை. மூக்கைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஆனால் குளத்தில் யாரோ இருந்ததற்குப் பண்ணையின் ஏஜெண்டே சாட்சி.

பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிங்காரவேலுவின் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. மெஷின் இல்லை, துணி இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது காளியம்மாள் அம்சத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெற்றிலையை மடித்து அவள் கையில் வைத்தாள். அது மன்னிப்பா, புகையிலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொடுத்ததா என்று கேட்டுக்கொள்ளவில்லை. பொழுது சாய ஊருக்கு வந்தால், அம்சத்தின் குடிசை தரையோடு கிடந்தது. பண்ணையாட்கள் கூரையைப் பிரித்துக் கீற்றை வாய்க்காலில் எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். சட்டி பானையை ஒழுங்காக வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவளோடு நடவுக்கு வருகிறவளின் புருஷன்.

அவள் அழவில்லை என்று சொன்னால் பொய். ராசு கட்டின கோணல் மூங்கிலைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, பழைய குழியிலேயே அதை நட்டாள். கோணலாகவே.

மறுநாள் காலையில் சிங்காரவேலு ஒரு பெரிய துணி மூட்டையோடு வந்தார். பிரித்தால் சங்க மாநாட்டுப் பந்தலுக்குத் தைத்த கறுப்புத் துணி, முழுசாக இருபது கெஜம். கீற்று கிடைக்கிற வரைக்கும் கூரைக்கு ஆகும் என்றார். நாகம்மாள், காளியம்மாள், துணி விற்க வந்த நஃபீசா எல்லாரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்தார்கள்.

"மழை பெஞ்சா ஒழுகுமா?" என்று நஃபீசா கேட்டாள்.

"ரெட்டைத் தையல். ஒழுகாது," என்றார் சிங்காரவேலு.

"நீங்க தச்சதா அண்ணே? அப்ப நான் எதுக்கும் ஜெபம் பண்ணிக்கறேன்," என்றாள் அம்சம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கறுப்புத் துணிக்குக் கீழே அவள் முழங்காலில் நின்றதைச் சிங்காரவேலு பார்த்தார். வெளியே நின்று ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டார். அவள் முடித்துவிட்டு வருகிற வரைக்கும் போகவில்லை.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. மருதையன் வெளியே வந்தான். ஓடியதைப் பார்த்ததாகச் சொன்ன இரண்டு பேரை நம்புவதற்கில்லை, அம்சம் என்ற சாட்சி தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னதாகத் தெரிகிறது என்று ஜட்ஜ் எழுதியிருந்தார். சங்கம் கூடி, சத்தியத்தை மீறினதற்காக மருதையனை ஆறு மாதம் தள்ளி வைத்தது. தீர்மானத்தைச் சிங்காரவேலுவே வாசித்தார். மீன் திருடன் என்று எந்தப் பேப்பரிலும் வரவில்லை. பட்டாப் பட்டியலில் அம்சத்தின் பேர் இல்லை என்று தங்கையன் சொன்னார். தாசில்தார் வருகிற அன்று அவருக்கு முன்னால் தானே நின்று பேசுவதாக அவள் சொல்லிவிட்டாள். இடத்தை விட்டு நகரவில்லை.

மருதையன் வந்த மறுநாள் இலையில் சுற்றி ஒரு விராலோடு அவள் வாசலில் நின்றான். "ஆத்துல பிடிச்சதுக்கா. பாமணி ஆத்துல. காளியம்மா கூட இருந்தா, கேட்டுக்க."

"அவளைக் கேட்டா பாடுவா," என்றாள் அம்சம்.

சாயங்காலம் ரவிக்கை வாங்க டெய்லர் கடைக்குப் போனாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் சிங்காரவேலுவை உசுப்பேற்றினார். "என்னய்யா, உன் பழைய கேள்வி என்ன ஆச்சு? நாலு பொம்பளை நாலு விதமா சொன்னதுன்னு?"

சிங்காரவேலு பல்லில் இருந்த நூலை அறுத்தார். "அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிட்டேன். ஒரே மாதிரி சொல்ற சாட்சியை நான் கோர்ட்டுல பாத்துட்டேன், போதும்." அப்புறம் நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்கம்மா. அதுக்காக உங்க சாமி உண்டுன்னு ஆயிடலை. என்கிட்ட இன்னும் பதினொரு கேள்வி இருக்கு."

அம்சம் உட்கார்ந்து, சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணொண்ணாக் கேளுங்க. தெரிஞ்சதைச் சொல்றேன். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றேன்."

"மொதக் கேள்வி. உங்க சாமி இருந்தா, அன்னிக்கு உங்க குடிசைய ஏன் பாத்துக்கலை?"

அது அவள் ஏற்கெனவே தன் சாமியிடம் கேட்டு வைத்திருந்த கேள்வி.

"அதைத்தான் நானும் தினம் கேட்டுக்கிட்டு இருக்கேண்ணே," என்றாள். "அந்தத் துணிக்குக் கீழ உக்காந்துதான் கேக்கறேன்."

சிங்காரவேலுவின் கால் மெஷினை மிதிக்க ஆரம்பித்தது.